ஃபியட்டின் பின் மட்கார்டு

கோட்டுச்சேரிக் கடைத்தெருவைத் தாண்டிப் பூவம் போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதில் பாதி பாலகுருவுடையது. கார்களின் நசுங்கலைத் தட்டி எடுக்கிற டிங்கர் அவர். சுத்தியலைக் கையில் எடுத்தாரென்றால் எதிர்ச்சாரி டீக்கடையில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. மறுபாதி தியாகராசனுடையது. அவர் பெயிண்டர். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. தின்னர் வாடையும், வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்கிற சரசரப்பும்தான்.

பெயிண்டர் என்றால் ஏதோ வாசல் கேட்டுக்குப் பச்சை அடிக்கிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி யாராவது சொன்னால் தியாகராசனுக்கு முகம் சுண்டிப்போகும். அவர் வேலை கலர் சேர்ப்பது, அதுவும் பழைய வண்டிக்கு. புது வண்டி என்றால் கவலையில்லை, கம்பெனி நம்பரைச் சொன்னால் காரைக்கால் டவுன் கடையிலே மெஷின் கலக்கிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் நாற்பது ஐம்பது வருஷம் வெயிலில் காய்ந்து, உப்புக்காற்றில் ஊறின வண்டிக்கு எந்த மெஷினிடம் நம்பர் இருக்கிறது? கம்பெனி அடித்த வெள்ளை வேறு, இன்றைக்கு நிற்கிற வெள்ளை வேறு. அதிலும் கூரை ஒரு வெள்ளை, கதவு ஒரு வெள்ளை. அங்கேதான் மனுஷக் கண் வேண்டியிருக்கிறது.

தியாகராசனுக்கு அதற்கென்று ஒரு முறை உண்டு. கலக்கின கலரை ஒரு சின்னத் தகரத் துண்டில் அடித்துக் காயவிடுவார். ஈரத்தில் பார்க்கவே மாட்டார், ஈரக் கலர் பொய் சொல்லும் என்பார். உச்சி வெயிலில் பார்க்க மாட்டார். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்க்கிறவனை ஆளாகவே மதிக்க மாட்டார். காலையில் வெயில் சூடேறுவதற்கு முன்னால், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தகரத்தைக் கதவோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார். தகரம் எது, கதவு எது என்று தெரியாமல் போனால்தான் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுப்பார். இல்லையென்றால் இன்னும் ஒரு சொட்டு மஞ்சள், ஒரு துளி கறுப்பு, மறுபடி ஒரு தகரம். இப்படியே ஒரு நாள் போனாலும் போகட்டும் என்பார்.

வேலை முடிந்து வண்டிக்காரர் வந்ததும் ஒரு சின்ன விளையாட்டு நடக்கும். "அடிபட்ட எடம் எதுன்னு காட்டுங்க பாப்போம்" என்பார். வண்டிக்காரர் குனிவார், நிமிர்வார், விரலால் தடவுவார், கடைசியில் கையை விரித்துவிடுவார். தியாகராசனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். சொன்ன கூலியில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால்கூட அன்றைக்குக் கேட்க மாட்டார். அவருக்கு அதுதான் தீபாவளி.

ஐம்பத்தெட்டாவது வயதில் அவருக்கு இன்னொரு பெருமையும் சேர்ந்தது. வெகுகாலமாக மூக்கில் உட்கார்ந்திருந்த படிக்கிற கண்ணாடி வேண்டாமல் போய்விட்டது. ஒருநாள் மறந்துபோய்க் கண்ணாடி இல்லாமலே பேப்பரை எடுத்தார், பொடி எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மாத்திரை அட்டையில் எறும்பு மாதிரி அச்சடித்திருக்கும் தேதியைக்கூடப் படித்துக் காட்டினார். டீக்கடையில் எல்லோரும் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். இந்த வயதில் கண் திரும்புவதாவது! எல்லாம் மீன் சாப்பிட்ட கண் என்று தியாகராசன் சொல்லிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் போட்டவர் அதற்குப் பிறகு அதைத் தேடவே இல்லை.

அது வியாதி என்று யாருக்குத் தெரியும்?

ஒரு நாலு வருஷம் போனது. பிறகு தூரம் மங்கத் தொடங்கியது. எதிரே வருகிற வண்டியின் விளக்கு பூப்பூவாக விரிந்து கண்ணைக் குத்தியது. ஒரு சாயங்காலம் கடைத்தெருவில் சைக்கிளோடு ஒரு பஸ்ஸின் முன்னால் போய் நின்றுவிட்டார். டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தார். அதற்குப் பிறகு அவர் மனைவி அல்லி விடவில்லை. கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு. காலை, மதியம், ராத்திரி என்று அதே பாட்டு. கடைசியில் ஊரில் கண் முகாம் போட்டபோது பிடித்து இழுத்துப் போனாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். ரெண்டு கண்ணிலும் புரை, முற்றிவிட்டது, முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்.

அப்படியானால் கண்ணாடி இல்லாமல் படித்தது எப்படி என்று தியாகராசன் விடாமல் கேட்டார். புரை வளர்கிறபோது சில பேருக்குக் கொஞ்ச காலம் கிட்டப் பார்வை அப்படித் திரும்பும், அதுவும் புரையின் வேலைதான் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தியாகராசனுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. குருடாகிவிடுவோமோ என்ற பயமில்லை. ஆபரேஷனில் கண்ணுக்குள்ளே வைக்கிற லென்ஸ் சில்லு கலரை மாற்றிக் காட்டினால் என்ன செய்வது என்கிற பயம்தான். கலர் போனால் தொழில் போயிற்று. அந்தத் தொழிலை எடுத்துவிட்டால் தியாகராசன் என்கிற ஆளில் மிச்சம் என்ன இருக்கிறது? ஒரு பனியன், ஒரு கைலி, அவ்வளவுதானே! இதை அவரே அல்லியிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

ஆபரேஷனுக்குப் போகிற வாரம்தான் காதர் பாட்சாவின் ஃபியட் வந்தது. காதர் பாட்சா காரைக்காலில் துணிக்கடை வைத்திருக்கிறவர். வண்டி அவருடைய வாப்பா காலத்தது. சின்ன வண்டி, பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். சந்தன வெள்ளை நிறம். கொடுக்கல் வாங்கல் எது நின்றாலும் அந்த வண்டியை மட்டும் அந்தக் குடும்பம் விட்டதில்லை. அதில் எங்கே கீறல் விழுந்தாலும் தியாகராசன்தான். முன்பு ஒருமுறை மணல் டிராக்டர் உரசி வலது பக்கப் பின் மட்கார்டு போனபோதும் அவர்தான் சேர்த்துக் கொடுத்தார். இப்போது வீட்டு கேட்டில் இடித்து, அதே வலது பக்கத்து முன் கதவு நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

தனக்குக் கண் ஆபரேஷன், கொஞ்ச நாள் ஆகும், அவசரம் என்றால் வேறு யாரிடமாவது காட்டுங்கள் என்று தியாகராசன் நியாயமாகச் சொன்னார். காதர் பாட்சா கேட்கவில்லை. மகள் நௌஷினுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறது, மாப்பிள்ளையை இந்த வண்டியில்தான் அழைக்கப்போகிறோம், அதற்கு இன்னும் நாள் கிடக்கிறது, நீங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். இப்படி ஒரு மனுஷன் கிடைப்பாரா என்று தியாகராசன் அல்லியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். வண்டியைப் பாலகுரு தட்டி முடிக்கட்டும், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தார்ப்பாயைப் போட்டு மூடினார்.

புதுச்சேரிக்கு வேனில் அழைத்துப் போய் ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தவர், வாசற்படியில் நின்று அந்தக் கண்ணாடியைக் கழற்றினார். எதிர்வீட்டுச் சுவர் வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை, ஓரத்தில் நீலம் ஓடுகிற வெள்ளை. அந்தச் சுவரை அத்தனை காலமும் காவிச் சுண்ணாம்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். வானம், வாளி, கொடியில் கிடந்த துண்டு எல்லாம் கழுவி வைத்த மாதிரி இருந்தன. அல்லி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். போன தீபாவளிக்கு அவரே கடைக்குப் போய் எடுத்து வந்த புடவையைக் கட்டியிருந்தாள். அது மண் கலர் என்று நினைத்துத்தான் எடுத்திருந்தார். பார்த்தால் நல்ல கத்திரிப்பூ நிறம்.

"அடி என்னடி இது, கத்திரிப்பூவா இருக்கு?"

"நீங்கதானே எடுத்துட்டு வந்தீங்க" என்று அல்லி சிரித்தாள். அவரும் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் ரெண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான். கலர் போகவில்லை, வந்திருக்கிறது. இன்னும் பத்து வருஷம் அடிக்கலாம்.

பிறகு ஒரு விளையாட்டுப் பிடித்துக்கொண்டது. இடது கண்ணை மூடுவார், சுவர் வெள்ளை. வலது கண்ணை மூடுவார், இன்னும் கத்தி படாத இடது கண்ணுக்கு அதே சுவர் டீத்தூள் தண்ணீரில் முக்கி எடுத்த துணி மாதிரி இருக்கும். மூடுவதும் திறப்பதுமாக ரெண்டு நாள் சின்னப் பிள்ளை மாதிரித் திரிந்தார். மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த எண்ணம் வந்து மண்டையில் இடித்தது. இத்தனை வருஷம் எந்தக் கண்ணை வைத்துக் கலர் சேர்த்தோம்?

வாயைக் கொப்பளித்தாரோ இல்லையோ, கொட்டகைக்கு நடந்தார். தார்ப்பாயை உருவினார். காலை வெளிச்சம், வெயில் இன்னும் ஏறவில்லை. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று ஃபியட்டைப் பார்த்தார்.

வண்டி சந்தன வெள்ளை. பின் மட்கார்டு மட்டும் மஞ்சள்.

லேசாக ஒன்றுமில்லை. சோற்றில் குழம்பு கொட்டின மாதிரி, எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மஞ்சள். விளிம்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்டலாம். தியாகராசன் கையால் வலது கண்ணைப் பொத்தினார். மட்கார்டு சரியாகிவிட்டது, வண்டியோடு வண்டியாகச் சேர்ந்துகொண்டது. கையை எடுத்தார், மஞ்சள். மறுபடி பொத்தினார், இல்லை. எத்தனை தடவை செய்தாரோ தெரியாது. அப்படியே தின்னர் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குத் தெரியாத தொழிலா, உடனே புரிந்துவிட்டது. எல்லாமே மஞ்சளாகத் தெரிகிற கண்ணுக்கு, ரெண்டு சொட்டு மஞ்சள் விழுந்தால் விழுந்ததே தெரியாது. ஆறு சொட்டு விட்டால்தான் ஏதோ சேர்ந்திருக்கிறது என்று தெரியும். அவர் ஆறு சொட்டு விட்டிருக்கிறார். ஒவ்வொரு தகரத்துக்கும் ஆறு சொட்டு.

இந்த ஒரு வண்டியோடு போயிருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. டீ குடிக்கப் போகிறவர் மாதிரி சாலையில் நடந்தார். ஸ்கூல் வாசலில் ஞானசௌந்தரி டீச்சருடைய வெள்ளை மாருதி நின்றது. ரெண்டாவது கையாக வாங்கின பழைய எண்ணூறு. பானெட்டில் தேங்காய் விழுந்த பள்ளத்தை நாலு வருஷம் முன்னால் இவர்தான் மறைத்துக் கொடுத்தார். பானெட்டின் நடுவில் ஒரு தட்டு அகலத்துக்குப் பழுப்பு. பஸ் ஏறி டவுனுக்குப் போனார். ஒரு லாட்ஜ் வாசலில் அம்பாசிடர், டிக்கி ஒரு கலர், உடம்பு ஒரு கலர். பாரதியார் சாலையில் போன நீல வேனின் ஒரு கதவு மற்றக் கதவுகளோடு ஒட்டாமல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. திருநள்ளாறு பக்கத்து நெல் வியாபாரி ஒருவருடைய ஜீப்பும் அப்படியே. எல்லாம் அவர் கை. யாரும் அவருக்கு அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை, ஊரெங்கும் அந்த வண்டிகளே கூப்பிட்டுச் சொன்னன.

அவமானம் என்றால் சாதாரண அவமானமா? நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தால்கூட ஒரு நாள் பேச்சோடு போகும். இது நாலு வருஷமாக ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் நடக்க நடக்க வேறொன்று உறைத்தது. வண்டிக்குச் சொந்தக்காரர்களுக்குக் கண் இருக்கிறதே. ஒருத்தர்கூடவா பார்க்கவில்லை? அத்தனை பேரும் வந்தார்கள், குனிந்தார்கள், தடவினார்கள், இடம் தெரியவில்லை என்று கையை விரித்தார்கள். டீச்சர்கூட விரித்தார்.

கொட்டகைக்குத் திரும்பி வந்து பாலகுருவிடம் கேட்டார். பாலகுரு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அதன் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே, தினமும் ஒரே டீயைப் பாதியாக்கிக் குடித்துக்கொண்டு!

அல்லி அடுப்படியில் இருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. கட்டைப் பிரித்த நாளிலிருந்து இதற்காகத்தான் பயந்துகொண்டிருந்தாள் போலிருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

முதலில் வந்தது டீச்சர்தான். சாயங்கால இருட்டில் பார்த்துக் கையை விரித்துவிட்டு வண்டியை எடுத்துப்போனவர், மறுநாளே, பானெட் கலர் சேரவில்லை என்று சொல்லத் திரும்பி வந்தார். தியாகராசன் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். அல்லி டீச்சரைக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டாள். டீச்சர் நல்ல மனுஷி. அப்படியே திரும்பிப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் அல்லிக்கு இதே வேலையாகிவிட்டது. வண்டி விட வருகிறவர்களைச் சாலையிலேயே மறித்தாள். சில பேர் வராமல் நின்றுவிட்டார்கள். சில பேர் மனசு கேட்காமல், கண்ணில் படாத மூலை முடுக்கு வேலையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். காதர் பாட்சாவின் கடைக்கும் ஒருநாள் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

ஏன் இப்படிச் செய்தாள் என்றால், அதற்கும் காரணம் இருந்தது. டவுனில் அந்த மெஷின் கடை திறந்த வருஷம், ஒரு மழைக்காலம் முழுக்கத் தியாகராசனுக்கு வேலை வரவில்லை. அப்போது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், சாப்பாட்டைத் தொடவில்லை, பேசவில்லை. தட்டைக் கொண்டுபோய் வைப்பாள், அப்படியே திரும்பி வரும். அந்த மனுஷன் திரும்பவும் அப்படிப் படுத்துவிட்டால் எழுந்திருக்க மாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது.

"கை போயிடுச்சுன்னு நெனச்சேங்க" என்றாள். "வயசாச்சு, கை போயிடுச்சுன்னு. கண்ணுன்னு எனக்குத் தோணவே இல்ல. கண்ணாடி இல்லாம பேப்பர் படிச்சீங்களே."

தியாகராசன் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் வந்தது. ஆனால் வெடிக்கவில்லை, உள்ளேயே கிடந்து எரிந்தது.

"டீச்சர் வந்த அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிருப்பேன் அல்லி. ஒரு வண்டியோட போயிருக்கும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன் பயம்தான் அவருடைய நாலு வருஷத்தைத் தின்றுவிட்டது என்பது அவளுக்கும் அந்த நிமிஷத்தில்தான் முழுசாகப் புரிந்தது. அவளைத் தேற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது, கை எழவில்லை. அவள் மேல் குற்றம் சொல்லவும் முடியவில்லை. பாசத்தில் செய்ததை என்ன சொல்லித் திட்டுவது? அன்றைக்கு ரெண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஆனால் அவர் சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் கொட்டகையில் இருந்தார். ஃபியட்டின் கதவை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தார், பட்டி வைத்தார், பிரைமர் அடித்தார். இடது கண் மேல் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு கலர் கலக்க உட்கார்ந்தார். கிட்டப் பார்வைக்கு மறுபடி கண்ணாடி வேண்டியிருந்தது. அலமாரியில் கிடந்த பழைய கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு தகரம், ரெண்டு தகரம், பத்துத் தகரம். அந்த வண்டியின் வெள்ளையில் மஞ்சள் மட்டுமில்லை, மயிரிழை சிவப்பும் இருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. வாலிப வயதில்கூட இவ்வளவு துல்லியமாகப் பார்த்ததில்லை. ஒரு காலை நேரத்தில் தகரம் கதவுக்குள் கரைந்தே போய்விட்டது. பாலகுரு தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், கிட்டே வரவில்லை.

கதவு முடிந்தது. அவர் வாழ்க்கையில் செய்த வேலைகளிலே அதுதான் சுத்தமான வேலை. அவருக்கே தெரியும். ஆனால் இதே மாதிரி அவருக்கே தெரிந்துதானே அந்த மட்கார்டையும் அடித்தார்? அன்றைக்கும் இதே நிச்சயம் இருந்ததே. தன் கண்ணைத் தானே சாட்சிக்கு வைத்துக்கொள்ள இனிமேல் முடியாது. வேறொருத்தர் கண் வேண்டும். பார்த்ததை அப்படியே சொல்கிற வாய் வேண்டும்.

அதனால் மட்கார்டைத் தொடாமல் விட்டார். அல்லி கேட்டதற்கு, காதர் பாட்சா வரட்டும் என்றார். தனக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொல்லி வைத்தார். காதர் பாட்சா மட்கார்டைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். மஞ்சளாக இருக்கிறது அண்ணே என்று ஒரு வார்த்தை. அப்புறம் அவர் கதவைப் பற்றிச் சொல்வதை நம்பலாம். அதை வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கலாம். ஊரில் ஓடுகிற ஒவ்வொரு வண்டியையும் கூப்பிட்டுக் கூலி வாங்காமல் திருத்திக் கொடுக்கலாம். ஒரே ஒரு ஆள் போதும். இல்லையென்றால் இந்தத் தொழில் இதோடு சரி. இதைத்தான் அல்லியிடம் சொன்னார்.

காதர் பாட்சா காலையிலேயே வந்துவிட்டார். வெளுத்த சட்டை, அத்தர் வாசம், கல்யாண வீட்டுக் களை. கண் எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரித்தார். பிறகு வண்டியின் வலது பக்கமாக வந்து நின்றார். கதவைப் பார்த்தார், பின்னால் மட்கார்டைப் பார்த்தார். ரெண்டும் கையெட்டுகிற தூரம்தான். புது வெளிச்சத்தில் அந்த மஞ்சள் பல்லிளித்துக்கொண்டிருந்தது. முன் கதவு இவ்வளவு சுத்தமாக நின்றதால் இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. காதர் பாட்சாவின் கண் அதில் பட்டு, நின்று, நகர்ந்ததைத் தியாகராசன் பார்த்தார். அவருடைய புதுக் கண்ணுக்கு அதெல்லாம் தப்புமா?

"கதவு எப்படி இருக்கு பாய்?"

"கதவா? அருமையா சேர்ந்துடுச்சு அண்ணே. அடிபட்ட எடமே தெரியல."

"சரி. பின்னாடி மட்கார்டு? முன்ன நான் அடிச்சது. அது இப்ப எப்படி இருக்கு, பாத்துச் சொல்லுங்க."

 அல்லி கொட்டகைக் கால் ஓரமாக நின்று காதர் பாட்சாவையே பார்த்தாள். சொல்லிவிடுங்கள் சொல்லிவிடுங்கள் என்று அவள் கண் கெஞ்சியது. காதர் பாட்சாவும் ஒரு தடவை அவள் பக்கம் திரும்பினார். அவள் அன்றைக்குக் கடைக்கு வந்து அழுதது அவருக்கு நினைவு வந்திருக்கும். இப்போதும் அதே கெஞ்சல் என்று எடுத்துக்கொண்டார். குனிந்து மட்கார்டை உள்ளங்கையால் தடவினார்.

"இதுக்கென்ன அண்ணே, இதுவும் அப்படியேதான் இருக்கு. வண்டியோட வண்டியா. ஒங்க கைய எவன் வந்து மிஞ்சுவான்?"

சிரித்த முகம். நல்ல மனசோடுதான் சொன்னார். அதில் ஒரு பொட்டுக் கேலி கிடையாது. கதவைப் பற்றிச் சொன்னபோது இருந்த குரல் எதுவோ, மட்கார்டைப் பற்றிச் சொன்னபோதும் அதே குரல். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. தியாகராசன் தேடித் தேடிப் பார்த்தார்.

மட்கார்டு மஞ்சளாக இருக்கிறது பாய், ரெண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், சரி செய்து தருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். மாப்பிள்ளை ஏறப்போகிற வண்டியாயிற்றே. ஆனால் அப்படிச் சொன்னால், நீங்கள் இப்போது பொய் சொன்னது எனக்குத் தெரியும் என்றல்லவா ஆகும்? கல்யாண வீட்டுக்காரர், மனசு நோகக்கூடாது என்று சொன்னவர், முகம் செத்துப்போய் நிற்பாரே. தியாகராசனுக்கு வாய் கூசியது. இத்தனை வருஷம் இந்த ஊருக்கு எப்படிக் கூசியதோ அப்படியே கூசியது. மென்று விழுங்கிவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார். நிக்காஹ் நல்லபடியாக நடக்கட்டும் என்றார். ஃபியட் புகையைக் கக்கிக்கொண்டு, அந்த மஞ்சளையும் சுமந்துகொண்டு, டவுன் பக்கம் திரும்பிப் போனது.

அல்லி கிட்டே வந்தாள். கதவு நிஜமாகவே நன்றாக இருக்கிறது, நான் சொல்வதையாவது நம்புங்கள் என்றாள், சாட்சிக்குப் பாலகுருவையும் கூப்பிட்டாள். பாலகுரு வந்து, ஆமாம், கதவு ரொம்பச் சுத்தம் என்றார். தியாகராசன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"கண்ணு இப்ப நல்லாத்தானே இருக்கு. அப்புறம் என்னங்க?" என்று அல்லி கேட்டாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்குன்னு நீங்க சொல்றதத்தான் என்னால இனிமே கேக்க முடியாது."

அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் பழைய வண்டி எதுவும் வந்து நிற்கவில்லை. வந்த ரெண்டொருவரையும் டவுனுக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார். இடது கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போது அவர் வீட்டு கேட், ஜன்னல் கம்பி, டிராக்டர் டிரெய்லர் இவற்றுக்குத்தான் பெயிண்ட் அடிக்கிறார். டப்பாவைத் திறந்து, குச்சியால் கலக்கி, உள்ளே என்ன கலர் இருக்கிறதோ அதை அப்படியே அடிக்கிறார். சேர்க்க வேண்டியது ஒன்றுமில்லை, யாரிடமும் எப்படி இருக்கிறது என்று கேட்கவும் வேண்டியதில்லை. அல்லி நேரத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறாள், அவரும் தட்டைக் காலியாக்கிவிடுகிறார்.